இலங்கையில் எட்டு நாட்கள்

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர், மணவாழ்வில் நாற்பது ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலங்கைக்குச் சுற்றுலா சென்று வந்தனர். பிள்ளைகள் செய்து கொடுத்த ஏற்பாடு. கணவர் விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்திற்கு அப்பால் உல்லாசமாக எங்கும் போயறியாதவர். திரும்பி வந்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் இருவரும் நம் அறைக்கு வந்தனர். கைப்பேசியில் முந்நூறு படங்கள்! நமது காலை உணவு ஆறிப்போயிற்று என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் கொழும்பு. அம்பையிலிருந்து மதுரைக்குச் செல்வதற்கே அதனினும் மும்மடங்கு நேரமாயிற்றாம். கொழும்பில் அவர்கள் முதலில் கண்டது கொச்சிக்கடை புனித அந்தோணியார் திருத்தலம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு வழிபாட்டின்போது குண்டு வெடித்துப் பலர் மாண்ட ஆலயம் அதுவே. சீர்செய்யப்பட்டு அவ்வாண்டு ஜூன் மாதமே மீண்டும் திறக்கப்பட்டது. பிற சமயத்தாரும் அங்கு வந்து மெழுகுதிரி ஏற்றுவதைக் கண்டு நம்மவர் வியந்தார். "மடு மாதாவைத் தரிசித்தீர்களா?" என வினவினோம். சுற்றுலா நிரலில் மடு இல்லையாம். நாம் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்துச் சிகிரியா. ஐந்தாம் நூற்றாண்டில் தந்தையைக் கொன்று அரசு கொண்ட காசியப்பன், தம்பி படையுடன் வருவான் என அஞ்சி, செங்குத்தான பாறையின் உச்சியில் அரண்மனை அமைத்த இடம். படிகள் ஏறத்தாழ 1200. கணவர் உச்சி வரை ஏறினார். மனைவி சிங்கப் பாதங்களின் அருகே அமர்ந்துவிட்டார்.

கண்டியிலிருந்து புகைவண்டியில் மலையேறினர். இங்கிருந்துதான் படங்கள் மாறின. தேயிலைச் சரிவுகளைக் கணவர் படமெடுத்துக்கொண்டிருக்க, அருகிலிருந்த மனைவி கண்ணீர் உகுத்தாராம். நானுஓயா நிலையத்தில் இறங்கியதும், "நான் பிறந்த லயம் இந்தப் பக்கந்தான்" என்றார்.

அவர் சிலோனில் பிறந்தவர் என்பது கணவருக்குத் தெரியும். அதற்கு மேல் நாற்பது ஆண்டுகளாக அவர் கேட்டதுமில்லை, இவர் சொன்னதுமில்லை. 1948-இல் குடியுரிமை இழந்த தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் முடிவு செய்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பத்தாண்டு கழித்து இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒரே வீட்டிற்குள்ளும் சிலர் இந்தியாவுக்கும் சிலர் இலங்கைக்கும் மனுச் செய்தனர். இவருடைய பெற்றோர் இந்தியா என எழுதினர், பாட்டி மறுத்துவிட்டார். 1971-இல் ஏழு வயதுச் சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தவர் இவர். கொழுந்து பறித்த விரல்களால் அன்னை இங்கே பீடி சுற்றக் கற்றார். தெருவார் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர். ஆதலால் அப்பேச்சையே எடுக்காதிருக்கப் பழகினேன் என்றார் அந்த அம்மையார். பாட்டியின் கடிதங்கள் 1983-க்குப் பின் வரவில்லை.

மறுநாள் எல்ல சென்று, 1921-இல் கட்டப்பட்ட புகழ்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண்பதாக நிரல். அதை அவர்கள் காணவில்லை. அம்மையாருக்குத் தோட்டத்தின் தமிழ்ப் பெயர் மட்டுமே தெரியும். பெயர்ப் பலகைகளிலோ ஆங்கிலப் பெயர்கள். வாகன ஓட்டி திகைத்தார். இறுதியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி எதிர்மலையைக் கைகாட்டினாள்.

லயம் அப்படியே இருந்ததாம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அவர் பிறந்த அறையில் வேறொரு குடும்பம். அவர்கள் பாலில்லாத தேநீரும் சர்க்கரையும் கொடுத்து உபசரித்தனர். முதியவர் ஒருவர் பாட்டியை நினைவுகூர்ந்து, தேயிலைக்கு மேற்புறமுள்ள புதைமேட்டிற்கு அழைத்துச் சென்றார். சிலுவையோ கல்லோ இல்லை. "ஏறக்குறைய இங்கேதான்" என்று காட்டினாராம். கணவர் அங்கே படமெடுக்கவில்லை.

தேயிலை காண நம் பகுதியார் கடல் கடக்க வேண்டுவதில்லை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் எழுந்த மாஞ்சோலை, நம் கண்ணெதிரே உள்ள மலைதான். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தோர் 2024-இல் வேலையிழந்து கீழே இறங்க நேர்ந்ததை நாம் அறிவோம். இதைச் சொன்னபோது அம்மையார், "இறங்கி வந்த பிள்ளைகளிடம் யாராவது கேட்கிறார்களா சாமி, மேலே எப்படி இருந்ததென்று?" என்றார். நாம் கேட்டதில்லை.

மீண்டும் இலங்கை செல்வீர்களா என வினவினோம். கணவர் முந்திக்கொண்டார்: "மடுவுக்கும் போவோம் சாமி. ஆனால் முதலில் தோட்டத்துக்கு. ஒரு கல் நடணும்."