புல்லுக்குப் பேர்போன நாட்டிலேயே தீவனப் பஞ்சம்: 2018-ல் அயர்லாந்தில் நடந்தது என்ன?

பச்சைப் புல்வெளிக்குப் பேர்போன அயர்லாந்து, 2018 ஏப்ரலில் பிரிட்டனிலிருந்து மாட்டுத்தீவனம் இறக்குமதி செய்தது. ஏன்?

அங்கே பெரும்பாலான கறவை மாடுகள் வசந்த காலத் தொடக்கத்தில் கன்று ஈனும்படி சினைப்படுத்தப்படுகின்றன. பால் சுரப்பு கூடும் நேரத்தில் புல்லும் தளிர்த்துவிடும், தீவனச் செலவு மிச்சம். இதுதான் கணக்கு.

அந்த வருஷம் கணக்கு தப்பிடுச்சு. மார்ச் தொடக்கத்தில் எம்மா புயல் பனியைக் கொட்டியது. தொடர்ந்து குளிர், மழை. புல் வளரவே இல்லை. ஈர நிலத்தில் மாட்டை விட்டால் குளம்பு பட்டே மேய்ச்சல் நிலம் சேறாகிவிடும். கொட்டகையிலேயே அடைத்து வைத்ததில், சேமித்த தீவனமும் தீர்ந்தது.

2015-ல் ஐரோப்பிய ஒன்றியம் பால் உற்பத்தி வரம்பை நீக்கியதும் அங்கே கறவை மாடுகள் பெருகின. அதற்கேற்ப தீவனக் கையிருப்பு கூடலைன்னா, வசந்தம் சில வாரம் தள்ளிப்போனாலே சிக்கல்தான்.