‘போர்டு போயிடுச்சு’ என்று சொல்வதற்கு முன்னால்...

பார்ட்ஸ் எல்லாம் தேடித் தேடி வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து சொந்தமாக அசெம்பிள் செய்து, கடைசியில் பவர் பட்டனை அமுக்கினால்... ஒன்றும் நடக்காது. ஃபேன் சுற்றாது, லைட் எரியாது, ஒரு சின்னச் சத்தம் கூட இருக்காது. முதல் கம்ப்யூட்டரைத் தானே கட்டும் நிறையப் பேருக்கு இந்த அனுபவம் உண்டு. உடனே தெரிந்த கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே கிடைக்கும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்: “போர்டு போயிடுச்சு”.

இந்த இரண்டு வார்த்தைகள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். புது மதர்போர்டு கெட்டுப்போய் வருவது நடக்காத விஷயமில்லை. ஆனால் சந்தேகப் பட்டியலில் அது கடைசியில் வரவேண்டிய ஆள். நம் ஊரில் முதலில் வருகிறது. அதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, பணம் என்பதுதான் என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்தப் பக்கம் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெரு, அந்தப் பக்கம் ஏறினால் பெங்களூர் எஸ்.பி. ரோடு. இரண்டு பெரிய கம்ப்யூட்டர் சந்தைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் நம்ம பசங்க பிராசசரை ஒரு ஊரில், போர்டை இன்னொரு ஊரில், ராமை ஆன்லைன் ஆஃபரில் என்று பொறுக்கிச் சேர்ப்பார்கள். மிச்சம் பிடிப்பது உண்மைதான். ஆனால் மிஷின் ஆன் ஆகாவிட்டால் அப்போது பொறுப்பேற்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். போர்டு விற்றவர் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சொல்வார், எஸ்.எம்.பி.எஸ். விற்றவர் போர்டைச் சொல்வார். ஒரே கடையில் வாங்கி, அங்கேயே கண்முன்னால் ஆன் செய்து பார்த்துவிட்டு வருபவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

என் பெரியம்மா பையன் கதையைச் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை. சீட்டு எடுத்த பணத்தை அப்படியே பையன் கையில் கொடுத்தார். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு கல்யாண வீடியோ வேலை எடுக்கலாம் என்பது அவன் திட்டம். கட்டி முடித்து பட்டனை அமுக்கினால், ஃபேன் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. மறுபடி அமுக்கினால் அதுவும் இல்லை. ஒரு கடைக்குக் கொண்டுபோனான் (எந்தக் கடை என்பது வேண்டாம்). பத்தே நிமிடம். “போர்டு போயிருக்கு தம்பி, வேற போட்டுக்கலாம்.” வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: “புதுசு எப்படிப்பா போகும்?”

அந்தப் பத்து நிமிடத்தில் கடையில் யாரும் கேட்காத கேள்வி இது.

கொஞ்சம் டெக்னிக்கலாகப் போவோம், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஏ.டி. கேபினெட்டுகளில் முன்னால் இருந்த சுவிட்ச் நிஜமான சுவிட்ச். வீட்டு கரண்ட் 230 வோல்ட் அது வழியாகவே போனது. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில் அந்தக் கதை மாறியது. இப்போது நாம் அமுக்கும் பட்டன் ஒரு காலிங் பெல் மாதிரி, அவ்வளவுதான். மிஷின் ‘ஆஃப்’ ஆக இருக்கும்போதே எஸ்.எம்.பி.எஸ். ஒரு 5 வோல்ட்டை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அமுக்கினால் போர்டில் இரண்டு பின்கள் ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன. போர்டு உடனே பச்சை ஒயரை கிரவுண்டுக்கு இழுக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். முழுசாக எழுந்து, தன் வோல்டேஜ் எல்லாம் சரியாக நிலைத்த பிறகு சாம்பல் நிற ஒயரில் ‘ஓகே’ என்று சிக்னல் அனுப்பும். அது வந்த பிறகுதான் பிராசசர் வேலையைத் தொடங்கும்.

ஆக, ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது ஒரு கோளாறு இல்லை. சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. எந்தக் கண்ணி என்று மிஷினே ஓரளவு சொல்லும், நாம் கவனித்தால். சுத்தமாக உயிரே இல்லையா? பிளக் பாயிண்ட், ஒயர், எஸ்.எம்.பி.எஸ். பின்பக்கம் இருக்கும் குட்டி சுவிட்ச், 24 பின் கனெக்டர், முன்பக்கப் பட்டனின் ஒயர் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லையா? அது பெரும்பாலும் பவரே வராத பிரச்சினை இல்லை. ராம் சரியாக உட்காரவில்லை, பிராசசருக்கென்று தனியாகப் போகும் 8 பின் ஒயரை மாட்டவில்லை, கிராபிக்ஸ் கார்டு இருக்க மானிட்டர் ஒயரைப் போர்டில் செருகியிருக்கிறோம், இப்படி ஏதாவது இருக்கும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டுகளில் பழைய பயாஸ் இருந்தால் பின்னால் வந்த ரைசன் பிராசசரை அடையாளமே தெரியாமல் இருட்டாக நிற்பதும் உண்டு. எதுவும் கெட்டுப்போயிருக்காது.

அரைச் சுற்று சுற்றி நிற்பது மூன்றாவது வகை. எங்கேயோ ஷார்ட் என்று எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. பெரியம்மா பையன் மிஷினில் நடந்தது இதுதான். போர்டு கேபினெட் தகட்டில் படாமல் இருக்க பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் ஸ்க்ரூக்கள் இருக்கும் இல்லையா, பெரிய போர்டுக்கான இடத்தில் ஒன்று கூடுதலாக முன்பே முறுக்கப்பட்டிருந்தது. அவன் போட்டது சின்ன போர்டு. அந்த ஸ்க்ரூவுக்கு நேர் மேலே போர்டில் ஓட்டை இல்லை, சால்டரிங் முனைகள்தான். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஆன் செய்தான், ஓடியது. புதுசு போகவில்லை.

இங்கேதான் எனக்கு ஷூ கம்பெனி ஞாபகம் வருகிறது. அங்கே தோலை வெட்டியதும் ஒரு செக்கிங், மேல்பாகம் தைத்ததும் ஒரு செக்கிங், லாஸ்டிங் முடிந்ததும் ஒரு செக்கிங். முழு ஷூவையும் செய்து முடித்துவிட்டு, கடைசியில் தையல் எங்கே விட்டது என்று யாரும் தேட மாட்டார்கள். கம்ப்யூட்டரை மட்டும் ஏன் அத்தனை ஸ்க்ரூவும் முறுக்கி, ஒயரையெல்லாம் அழகாகக் கட்டி, கண்ணாடிக் கதவையும் மூடிவிட்டு முதல்முறை ஆன் செய்கிறோம்? போர்டு, பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். இவ்வளவையும் அட்டைப்பெட்டி மேல் வைத்து முதலில் ஆன் செய்து பார்த்துவிட வேண்டும் (பிராசசரில் டிஸ்ப்ளே இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும்). பட்டனே தேவையில்லை, பவர் என்று குறித்திருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும். அதில் ஓடுவது 5 வோல்ட்டுக்கு மேல் இல்லை, பயப்படாதீர்கள். அப்போது ஓடி, கேபினெட்டுக்குள் ஓடாவிட்டால் குற்றவாளி கேபினெட்தான். யூடியூபில் வண்ண வண்ண விளக்கோடு கட்டிக் காட்டுகிற எத்தனை பேர் இந்தப் படியைக் காட்டுகிறார்கள்?

அடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்து நாம் விட்டுவிடுகிற ஒன்று: சுவர். நம் ஊரில் விசாரணையைச் சுவரில்தான் தொடங்கவேண்டும். ஸ்பைக் பஸ்டரில் ஃபியூஸ் போயிருக்கும். பிளக் பாயிண்ட் லூசாக இருக்கும். பல வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயரே இருக்காது. எர்த் இல்லாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கேபினெட் தகட்டில் வீட்டு வோல்டேஜில் ஏறக்குறைய பாதியை நிற்க வைக்கும். கை வைத்தால் ‘சுர்’ரென்று இருப்பது அதனால்தான். அதையும் “போர்டுல லீக்கேஜ்” என்று சொல்லி போர்டை மாற்றச் சொன்ன ஆட்கள் உண்டு!

இன்வெர்ட்டர் இன்னொன்று. 2008-க்குப் பிறகு, அதுவும் 2012 வாக்கில், சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் பல சதுர அலை வகை. ஃபேனும் டியூப் லைட்டும் அதில் உறுமிக்கொண்டே ஓடிவிடும். பவர் ஃபேக்டரைத் தானே திருத்திக்கொள்ளும் இன்றைய நல்ல எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றுக்கு அந்த அலை ஒத்துக்கொள்ளாது. ஆன் ஆகாமலே இருக்கும், அல்லது கரண்ட் மாறும்போது அணைந்துவிடும். நேர் லைனில் ஒரு முறை செருகிப் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம்.

எஸ்.எம்.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ். மேல் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்புவதும், ஜோசியக்காரரை நம்புவதும் ஒன்றுதான். ‘80 பிளஸ்’ முத்திரை கூட எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதற்கான சான்றிதழே தவிர, பாதுகாப்புக்கான சான்றிதழ் இல்லை. பழைய எஸ்.எம்.பி.எஸ். கைக்கு வந்தால் பின்னால் 115/230 என்று சிவப்பு நிறத்தில் தள்ளும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115-ல் வைத்து நம் ஊர் பிளக்கில் செருகினால் ‘டப்’. தனியாகச் சோதிக்க, 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரின் பின்னையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் பின்னையும் சின்னக் கம்பியால் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். ஓடவேண்டும் (புது மாடல்களில் எல்லா ஒயரும் கறுப்பு, மேனுவலில் பின் நம்பர் பார்க்கவும்). ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

சரி, கடைக்காரரை மட்டும் திட்டுவது நியாயமா? அவர் பக்கமும் பார்க்கவேண்டும். ஒருநாளைக்கு எத்தனையோ மிஷின் வருகிறது. ஒவ்வொன்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். பார்த்து, கூடுதலாக இருந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு 300 ரூபாய் கேட்டால் நாம் கொடுப்போமா? “ஒரு ஸ்க்ரூ கழட்டினதுக்கு முந்நூறா?” என்று சண்டைக்கு நிற்போம். அதே கடையில் ஆயிரக்கணக்கில் போர்டு மாற்றினால் வாய் பேசாமல் கொடுத்துவிட்டு வருவோம். கண்டுபிடிப்பதற்குக் காசு தரமாட்டோம், மாற்றுவதற்குத் தருவோம். அப்புறம் எல்லாமே ‘போன’ பார்ட்டாகத்தானே தெரியும்? 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில், ‘எதற்கும் ஒரு ராம் மாற்றிப் பார்ப்போம்’ என்பது சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய வைத்தியம் இல்லை. பார்த்துச் சொல்ல இவ்வளவு என்று ஒரு தொகையை கடையில் எழுதி வைக்கட்டும், நாமும் முகம் சுளிக்காமல் கொடுப்போம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆன் செய்யும் நேரத்தில் தகராறு வருவது ஒன்றும் புதுசில்லை. 1946-ல் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் 17,000-க்கு மேல் வால்வுகள். அவை சூடாகும்போதும் ஆறும்போதும்தான் அதிகம் புகைந்துபோயின. அதனால் அதை அணைக்காமலே விட்டார்களாம். நமக்கு அந்தக் கரண்ட் பில் கட்டுப்படியாகாது :-)

இவ்வளவும் பார்த்து, அட்டைப்பெட்டி மேல் வைத்து, நன்றாக ஓடுகிற வேறொரு எஸ்.எம்.பி.எஸ். மாட்டி, ராமை இடம் மாற்றி, வட்ட பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டும் உயிர் வரவில்லை என்றால், அப்போது சொல்லலாம் போர்டு போயிடுச்சு என்று. அப்போதும் புது போர்டுக்குக் காசு எடுக்காதீர்கள், பில்லை எடுங்கள். பல கம்பெனிகள் இங்கே மூன்று வருட வாரண்டி தருகின்றன. கொடுப்பதற்கு முன்னால் பிராசசர் உட்காரும் சாக்கெட்டை மொபைலில் நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று வாரண்டியை மறுப்பார்கள். அது யார் கையில் வளைந்தது என்பதை அப்புறம் நிரூபிக்க முடியாது.