சோதனைச்சாலையிலும் கூலிதான்!

பனையேறியின் மகளும் உப்பளத் தொழிலாளியின் மகனும் இன்று லேப் டெக்னீஷியன் படிப்புப் படிக்கிறார்கள். சாயர்புரத்துக்குப் படிப்பு புதிதல்ல. 1840களில் ஜி.யு. போப் இங்கே பள்ளி நடத்தினார். 1962-ல் அவர் பெயரில் கல்லூரியும் வந்தது. படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்துக் குடிசைகளில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பிள்ளை சென்னைக்குப் போய் ஒரு சர்வகலாசாலையின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் பெருமைக்குக் கேட்க வேண்டுமா? "எம் மவ வெள்ளைக்கோட்டு போட்டு வேலை பாக்கா" என்று தாய் தெருவெல்லாம் சொல்லி வருகிறாள்.

வெள்ளைக்கோட்டு சரி, தோழர்களே. வேலை உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது?

வேலை தற்காலிகமானது. திட்டம் முடிகிற அன்று வேலையும் முடியும். மாதம் இவ்வளவு என்று தொகுப்பூதியம். நிரந்தரம் கேட்க உரிமை கிடையாது. ஆராய்ச்சித் திட்டம் என்பது பெரும்பாலும் மூன்று வருஷத்துக் கணக்கு. டில்லியிலிருந்து ஓர் இலாகா பணம் அனுப்பும். பேராசிரியர் அந்தப் பணத்தில் ஆள் வைத்துக்கொள்வார். பணம் வரத் தாமதமானால் சம்பளமும் தாமதம். மூன்று வருஷம் கழிந்ததும் வேறு திட்டம் தேடிப் போ! பதிலி என்றும் கான்ட்ராக்ட் என்றும் மில் வாசலில் நாம் பார்த்துப் பழகிய அதே சங்கதிதான். பெயர் மட்டும் கௌரவமாக இருக்கிறது: "திட்ட உதவியாளர்."

அந்த வேலை எப்படிப்பட்டது? விவசாயத் தோழர்களுக்கு எளிதில் விளங்கும். நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களை உடம்புக்கு வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கிறார்கள். ஒருவகை நாற்றங்கால் அது. 37 டிகிரி உஷ்ணம் மாறக்கூடாது. சத்து நீர் சிவப்பாக இருக்கும். அது மஞ்சளாக மாறினால் பயிர் பட்டினி கிடக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். பாத்திரம் நிறைந்துவிட்டால் பிரித்தெடுத்து வேறு பாத்திரங்களில் நட வேண்டும். காற்றில் பறக்கும் ஒரு பூஞ்சண விதை விழுந்தால் போதும், பல மாத உழைப்பு ஒரே இரவில் பாழ். மிஞ்சியதைப் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், திரவ நைட்ரஜனில் போட்டு வைக்கிறார்கள். கை நடுங்கக்கூடாது, கவனம் சிதறக்கூடாது. இது இரண்டு மாதத்தில் வருகிற கைத்திறன் அல்ல.

அந்த நாற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, பொங்கல் தெரியாது. ஆகவே டெக்னீஷியனுக்கும் தெரியக்கூடாது! 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் முன்னே நிறுத்தி வேலைநிறுத்தம் செய்து பெற்றவற்றில் வார விடுமுறையும் ஒன்று. நூறு வருஷத்துக்குப் பிறகும் தொகுப்பூதியக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரும்பாலும் அது "ஆர்வம்" என்ற கணக்கில் போகிறது. கூலிக் கணக்கில் ஏறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கட்டியிலிருந்து வெட்டியெடுத்த சதை கெடாமலிருக்க அதை ஃபார்மலினில் போடுகிறார்கள். அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். அந்த ஆவியாகிய ஃபார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் முடிவு செய்தது. புற்றுநோயை ஒழிக்க உழைக்கிறவர் நாசியிலேயே அதன் வித்து! காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறிப் பெட்டி பழுதாகி நிற்கிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டுமே! அடுத்த வருஷ நீட்டிப்பு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் அதையும் சொல்ல வேண்டும். யார் சொல்வார்?

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மில் தோழர் கேட்கலாம். லங்காஷயர் பஞ்சாலைகளில் ம்யூல் என்ற நூற்பு இயந்திரம் இருந்தது. குனிந்து வேலை செய்கிற தொழிலாளியின் தொடையிடுக்கில் கதிர்களிலிருந்து எண்ணெய் தெறிக்கும். அந்த இடத்தில் புற்றுநோய் வந்து நூற்பாளர்கள் மாண்டார்கள். 1922-ல் மான்செஸ்டர் வைத்தியர்கள் இதை எடுத்துக் காட்டினார்கள். பின்பு சோதனைச்சாலைகளில் எலிகளின் தோலில் எண்ணெயைத் தடவித் தடவிப் பார்த்து, குற்றவாளி எண்ணெய்தான் என்று உறுதி செய்தார்கள். நல்ல எண்ணெய்தான் போட வேண்டும், தொழிலாளிக்கு வைத்தியப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று பிரிட்டனில் விதி வந்தது எப்போது? 1953-ல்! 31 வருஷம் முதலாளிகள் இழுத்தடித்தார்கள். ஆனாலும் அந்தச் சோதனை நடந்திராவிட்டால் அந்த விதியும் வந்திராது. எலிக்கு எண்ணெய் தடவிய கை யாருடையது? சம்பளத்துக்கு உழைத்த ஓர் உதவியாளரின் கைதான்.

அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1951-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஹென்ரீட்டா லாக்ஸ் என்ற கறுப்புப் பெண் வந்தாள். புகையிலை வயலில் உழைத்து வளர்ந்தவள். கணவன் இரும்பாலைத் தொழிலாளி. அவளுக்குக் கருப்பை வாயில் புற்று. அவளைக் கேட்காமலே கட்டியில் ஒரு துணுக்கை வெட்டி, அந்தச் சர்வகலாசாலையில் ஜார்ஜ் கை என்பவரின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குழாய்களில் இட்டு, "ஹீலா" என்று பெயர் எழுதியவர் மேரி குபிசெக் என்ற இளம் உதவியாளர். அதற்கு முன் வளர்த்த மனித உயிரணுக்களெல்லாம் செத்துப்போயின. இவை சாகவில்லை; இன்றுவரை வளர்கின்றன. அதே வருஷம் அக்டோபர் 4-ல் ஹென்ரீட்டா இறந்தாள். வயது 31. பிரேதப் பரிசோதனையின்போது அவள் கால் நகங்களில் உதிர்ந்துகிடந்த சிவப்புச் சாயத்தைப் பார்த்துத்தான், தான் வளர்ப்பது ஒரு பெண்ணின் உடம்பு என்பது மேரிக்கு உறைத்ததாம்.

1953 முதல் டஸ்கிகீ என்ற கறுப்பர் கல்லூரியில் இந்த உயிரணுக்களை உற்பத்தி செய்தார்கள். அங்கே டெக்னீஷியன்களில் பெரும்பாலோர் கறுப்புப் பெண்கள். வாரத்துக்குச் சுமார் 20,000 குழாய்கள்! இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தைச் சோதிக்க அவை போயின. பிறகு கம்பெனிகள் புகுந்து விற்றுக் கொழுத்தன. ஹென்ரீட்டாவின் குடும்பம் வழக்குப் போட்டு, ஒரு பெரிய கம்பெனி 2023-ல்தான் சமரசத்துக்கு வந்தது. 72 வருஷம்! இதே உயிரணுக்களுக்குள் இருந்த வைரஸைக் கண்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹௌசன். அவருக்கு 2008-ல் நோபல் பரிசு. அந்த ஆராய்ச்சியால் கருப்பை வாய்ப் புற்றுக்குத் தடுப்பூசி வந்தது. நம் வயற்காட்டுப் பெண்களைக் காக்கக்கூடிய ஊசி அது. விஞ்ஞானம் வேண்டும், அதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

நம் நாட்டிலும் பெரியவர்கள் இருந்தார்கள். பம்பாயில் திசு வளர்ப்புக் கூடம் அமைத்த கமல் ரணதிவே, 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி, அங்கேயே ஆயுளைக் கழித்து 2021-ல் மறைந்த வி. சாந்தா. இவர்கள் பெயர்களை மரியாதையோடுதான் சொல்கிறோம். அவர்களோடு நின்ற நூற்றுக்கணக்கான கைகளுக்கு ஒரு பெயர்ப்பட்டியல்கூட நம்மிடம் இல்லை என்பதுதான் குறை.

"திட்டப் பணம் நின்றுவிட்டால் பேராசிரியர் எங்கே போவார்?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. பேராசிரியர் நமக்கு எதிரி அல்ல. அவரும் டில்லிக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பவர்தான். ஆனால் புற்றுநோய் மூன்று வருஷத்தில் தீரப்போகிறதா? வேலை நிரந்தரமாக இருக்கிறது. ஆள் மட்டும் தற்காலிகம்! உமாதேவி வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பைக் காட்டித்தான் இத்தனை வருஷமாக நிரந்தரம் மறுத்தார்கள். மத்திய நீர் கமிஷனில் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் செய்தவர்கள் தொடுத்த ஜக்கோ வழக்கில், 2024 டிசம்பரில் அதே கோர்ட், நிரந்தர வேலைக்குத் தற்காலிகம் என்று முத்திரை குத்தி ஏய்ப்பதற்கு அந்தத் தீர்ப்பைக் கேடயமாக்கக் கூடாது என்று கண்டித்து, அவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. துடைப்பம் பிடித்தவர்கள் திறந்த வழி அது. சோதனைக் குழாய் பிடித்தவர்கள் அதில் நடக்கத் தயங்குவானேன்?

சர்வகலாசாலைகள் டெக்னீஷியன்களைத் தம் சொந்தக் கணக்கில் நிரந்தரமாக வைத்து, திட்டங்களுக்கு அனுப்பட்டும். திட்டம் மாறினாலும் ஆள் மாற வேண்டாம். ஞாயிறு வேலைக்கு மாற்று விடுமுறையோ இரட்டைக் கூலியோ தரட்டும். ஃபார்மலின் அறையில் நிற்பவருக்கு வருஷந்தோறும் பரிசோதனை நடக்கட்டும். அந்த அறிக்கையை அவர் கையிலேயே கொடுக்கட்டும். இவற்றை எழுதிக் கேட்க அவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும். வெள்ளைக்கோட்டு போட்டவர் வருவாரா என்று மில் சங்கத்தார் தயங்க வேண்டாம். விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளை ஒரு மாலை சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, பேசச் சொல்லிக் கேளுங்கள்.