மூன்று மாதக் கெடுவும் பராலீகல் சான்றிதழும்

2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானியை நம்மில் பலர் மறந்துவிட்டோம். வடக்கில் சுமார் 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்ற நிலையை அது உண்டாக்கியது. கெடு முடியும் தறுவாயில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; அரசும் அறிவித்தலைக் கைவாங்கியது.

அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் அயலிலுள்ள அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, இதில எங்கட காணியும் போகுதோ?" அவரிடம் உறுதி இல்லை. இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. காணி கணவன் பெயரில்; கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர். நொத்தாரிசின் பெயர் மட்டும் ஞாபகம் இருந்தது.

இந்த இடத்தில் தேவைப்படுவது சட்டத்தரணி அல்ல. நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும், அதைத் தேடி எடுக்கலாம் என்று சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பி, கூடவே போய் வரக்கூடிய ஒருவர்தான் தேவை. கணவனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கு, 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழியுண்டு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவரைத்தான் பராலீகல் என்கிறோம்.

பயிற்சிகள் நடக்காமலில்லை. நானும் போயிருக்கிறேன். இரண்டு நாள், மண்டபம், மதியச் சாப்பாடு, மனித உரிமைகள் பற்றிய அறிமுகம், கடைசியில் குழுப்படமும் சான்றிதழும். அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு ஒரு தோம்பைப் பார்த்து விளங்கிக்கொள்ள முடியும்?

நமக்கு வேண்டியது துறைவாரியான பயிற்சி. காணிக்கு ஒன்று, காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்துக்கு ஒன்று, கைதும் தடுப்புக்காவலும் பற்றி ஒன்று. கடைசியாகச் சொன்னதில் தவறவே கூடாத விடயம் காலக்கெடு. அடிப்படை உரிமை மீறலுக்கு உச்ச நீதிமன்றத்தில் மனுப்போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. ஆனால் முறைப்பாடு கொடுத்தேன் என்பது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்தது என்று காட்ட வேண்டும் என நீதிமன்றம் சில வழக்குகளில் கூறியிருக்கிறது. ஆகவே ஆணைக்குழுவின் கடிதம் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். பொதுவான செயலமர்வுகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மொழி இன்னொன்று. பொலிஸில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கையொப்பம் வைத்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாத பராலீகல் அங்கே பாதி வேலையைத்தான் செய்ய முடியும்.

பராலீகல் நீதிமன்றில் தோன்றி வாதாட முடியாது, உறுதி முடிக்கவும் முடியாது. அந்த எல்லையையும் பயிற்சியிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். அரைகுறை ஆலோசனையால் காணியை இழந்தவர்களும் நம்மிடையே உண்டு. ஒரு வருடக் கற்கை, அதில் சில மாதங்களாவது காணிப் பதிவகத்திலும் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்திலும் நேரடிப் பயிற்சி, கடைசியில் பரீட்சை. இதற்குப் பணம் கொடுக்கப் புலம்பெயர் அமைப்புகள் முன்வந்தால், மண்டபச் செலவு மிச்சம்.

அந்த அம்மாவுக்கு உறுதியின் பிரதி கிடைத்தபோது கெடுவுக்கு ஒன்பது நாட்களே இருந்தன.