எரிந்த காருக்கு மறுபிறவி! கார் செய்த ஆலைக்கோ சமாதி!

கூரைத் துணியை மடித்துவிட்டு, இரண்டே பேர் காற்று வாங்கிக்கொண்டு பறக்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் சீமான்களின் பத்திரிகைகள் புகழ்மாலை சூட்டி வருகின்றன. அவை வெறும் வண்டிகள் அல்லவாம்; பாரம்பரியச் செல்வங்களாம். அவற்றைக் கோடி கோடியாகக் கொட்டி வாங்கிப் பூட்டி வைக்கும் கனவான்கள் அந்தப் பாரம்பரியத்தின் காவலர்களாம்!

எந்தப் பாரம்பரியத்தை இவர்கள் காக்கிறார்கள்? ஒரே ஒரு காரின் கதையை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி ஒரு தொழிலாளர் நகரம். அங்கே பிரவுன்ஸ் லேன் என்னுமிடத்தில் ஜாகுவார் கம்பெனியின் ஆலை இருந்தது. லெமான் பந்தயத்தில் 1955, 1956, 1957 என்று மூன்று வருஷம் தொடர்ந்து வென்ற டி-டைப் கார் அங்கே பிறந்ததுதான். 1956 முடிவில் கம்பெனி பந்தயத்திலிருந்து விலகிற்று. விற்காத பந்தயக் கார்கள் கையில் தேங்கி நின்றன. என்ன செய்தார்கள்? இன்னொரு கதவு, முகப்புக் கண்ணாடி, மடக்குக் கூரை எல்லாம் வைத்து, எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்று பெயர் சூட்டி, அமெரிக்கப் பணக்காரர்களிடம் தள்ளிவிடத் திட்டம் போட்டார்கள். ஆம், இன்றைய ‘கலைச் செல்வம்’ அன்று தேங்கிய சரக்கு!

மொத்தம் 25 வண்டிகள் திட்டம். 1957 பிப்ரவரி 12 இரவு ஆலையில் தீப்பிடித்தது. ஒன்பது வண்டிகள் சாம்பலாயின. முடிந்தவை 16 மட்டுமே. குறைவாக இருந்ததாலேயே விலை ஏறிற்று. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீனிடம் ஒன்று இருந்தது என்பதால் இன்னும் ஏறிற்று.

2016-ல் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. எரிந்துபோன அந்த ஒன்பதையும் மறுபடி செய்யப் போகிறோம். பழைய ஏட்டின்படியே எண் கொடுக்கப் போகிறோம். விலை, வண்டி ஒன்றுக்குப் பத்து லட்சம் பவுனுக்கு மேல் என்று. அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல்! ஒன்பதும் விலை போயின. பழைய அச்சுகளும் கருவிகளும் இல்லாமற் போயிருந்தன. மீந்திருந்த வண்டிகளை அளவெடுத்து, புதிதாய் மர மாதிரி செய்து, மக்னீசியத் தகட்டைப் பழைய முறையிலேயே கையால் வளைத்தார்கள். அந்தக் கைகளின் திறமையை நாம் மதிக்கிறோம். தகட்டை உளியாலும் சுத்தியலாலும் வசப்படுத்துவது லேசான காரியமல்ல என்பது நமது மில் பிட்டர்களுக்குத் தெரியும்.

“ஒரு வண்டிக்குப் பத்தாயிரம் மணி நேர உழைப்பு, அதனால்தான் இந்த விலை” என்று சிலர் நியாயம் பேசலாம். சரி, கணக்குப் போடுவோம். தினம் எட்டு மணி, வருஷம் 300 நாள் என்றால், ஒரே தொழிலாளி நாலு வருஷத்துக்கு மேல் செய்கிற வேலை. பத்து லட்சம் பவுனைப் பத்தாயிரத்தால் வகுத்தால் மணிக்கு 100 பவுன். சாமான் செலவையும் கருவிச் செலவையும் கழித்துக்கொள்ளட்டும். மீதியாவது தகடு தட்டியவன் கூலிக் கவருக்குள் போனதா? எந்த ஊர் பிட்டருக்கு ஐயா அந்தக் கூலி? இப்படிப்பட்ட அபூர்வப் பொருளின் விலையை நிர்ணயிப்பது வாங்குகிறவனின் ஆசையும் அவன் பையின் கனமும்தான் என்று ‘மூலதன’த்தில் மார்க்ஸ் திராட்சை மதுவை வைத்தே விளக்கிவிட்டார்.

சர்க்காரும் இந்தக் காவலர்களைக் கைவிடவில்லை. பிரிட்டனில் பங்குகளை விற்றுச் சம்பாதித்தால் லாப வரி உண்டு. காரை விற்றுச் சம்பாதித்தால் கிடையாது! ஏனென்றால் கார் என்பது தேய்ந்து மதிப்பிழக்கும் பொருளாம். கோடிக்கணக்கில் மதிப்பு ஏறுகிற கார் சட்டத்தின் கண்ணுக்குத் தேய்கிற பொருள்! நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு ரோடு வரியும் இல்லை. வேலைக்குப் போக வேன் ஓட்டுகிற கொத்தனார் வரி கட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் பூட்டி மகிழ்கிற ஆங்கிலேயத் தொழிலாளியோடு நமக்குச் சண்டை இல்லை. அவர் தாமே நட்டு முடுக்குகிறார்; தாமே ஓட்டுகிறார்.

அந்தப் பிரவுன்ஸ் லேன் ஆலை என்னவாயிற்று? 1957 தீயின்போது தொழிலாளர்கள் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டுச் சில நாட்களுக்குள்ளேயே மறுபடி கார்களை ஓடவிட்டார்கள். தீயால் அழியாத அந்த ஆலையை 2004-ல் அன்றைய எஜமானரான அமெரிக்க போர்டு கம்பெனி ஒரு அறிவிப்பால் அழித்தது. யூனியன்கள் எதிர்த்தன, பலிக்கவில்லை. 2005-ல் அங்கே கார் பூட்டும் வேலை நின்றது. பின்னர் ஆலையே இடித்துத் தள்ளப்பட்டது. 2008-ல் போர்டு ஜாகுவாரையும் லாண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு நம் நாட்டு டாட்டாவிடம் விற்றது. எரிந்த ஒன்பது கார்களுக்கு உயிர் கொடுத்தது இந்த டாட்டாவின் கம்பெனிதான்.

ஆக, எரிந்த வண்டியின் நம்பர் அறுபது வருஷம் ஏட்டில் பத்திரமாய் இருந்து, அதே வரிசையில் புது வண்டி கிடைத்தது. கவென்ட்ரியில் ஆட்குறைப்புக்கு ஆளானவரின் டிக்கெட் நம்பரை எந்த ஏட்டில் தேடுவது என்று அந்தக் காவலர்கள் சொல்லட்டும்.