நம் பாடம், நம் சர்வர்: கொள்கைப் பிரகடனம்

பள்ளி, கல்லூரி ஆசிரியர்களாகிய நாங்கள் கூடி அறிவிப்பது இது. நாங்கள் நடத்தும் இணையவழிப் பாடம் எங்கள் வளாகத்துக் கணினியிலேயே இருக்க வேண்டும். வெளி இணைப்பு அறுந்தாலும் மாணவர் தேர்வை எழுதி முடிக்க வேண்டும். டேட்டா தீர்ந்தவரும் வளாக வைஃபையில் பாடத்தைத் திறக்க வேண்டும்.

மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கிய மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருள் 2002 முதல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. யாரும் நிறுவலாம், மாற்றலாம். வெளியார் சேவைக்குக் கட்டிய சந்தா முடிந்த மறுநாள் மதிப்பெண் பட்டியல் யார் கையில் இருக்கும்? அந்தக் கேள்விதான் எங்களைக் கூட்டியது.

எந்தச் சர்வர் என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. விண்டோஸில் சாம்ப் என்ற தொகுப்பை நிறுவினால் அப்பாச்சி சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி மொழி என மூடுலுக்கு வேண்டிய மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். பழகுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. அதை இளக்காரமாகப் பேசுவோரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் அதை உருவாக்கியவர்களே அது சோதனைக்குத்தான் என்கிறார்கள். தரவுத்தளத்தின் ரூட் கணக்கு பாஸ்வேர்டு இல்லாமலே வருகிறது. ஆகவே பழகுவதற்குச் சாம்ப். மாணவர் நுழையும் நாளிலிருந்து லினக்ஸ். டெபியனா உபுண்டுவா என்பது அவரவர் விருப்பம். ஓரங்கட்டிய டெஸ்க்டாப் போதும், ஹார்டுடிஸ்க் மட்டும் புதிதாக இருக்கட்டும். யுபிஎஸ் கட்டாயம். சிறு வகுப்புக்கு ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும் மூடுல்பாக்ஸும் உண்டு. வைஃபையையும் அதுவே தரும்.

நிறுவும்போது தள முகவரியாக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுப்பதை எங்கள் உறுப்பினர் எவரும் செய்யக் கூடாது. அந்தக் கணினியில் எல்லாம் அழகாகத் தெரியும். மாணவரின் போனோ அந்தப் பெயரைத் தனக்குள்ளேயே தேடிவிட்டுக் கைவிரிக்கும். ரவுட்டரில் சர்வருக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கி, அதையே கொடுக்க வேண்டும். பிஎச்பி இயல்பாக 2 எம்பிக்கு மேல் கோப்பை ஏற்காது; அந்த வரம்பை உயர்த்தாமல் “மூடுல் சரியில்லை” என்று யாரும் புகார் சொல்லக் கூடாது. ஏற்றும் கோப்புகளை மூடுல் சேமிக்கும் மூடுல்டேட்டா கோப்புறை, உலாவி எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

பேக்கப் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டோம். மாணவர் ஏற்றும் கோப்புகளின் பெயரை மூடுல் அப்படியே வைப்பதில்லை. நீண்ட குறியீடாக மாற்றிச் சேமிக்கிறது. எந்தக் குறியீடு யாருடைய ஒப்படைப்பு என்பது தரவுத்தளத்துக்குத்தான் தெரியும். மூடுல்டேட்டா, தரவுத்தளம் இரண்டில் ஒன்றை மட்டும் காப்பாற்றி மற்றதை விட்டால் பாதிச் சொத்து போனதாகவே அர்த்தம். இரண்டையும் இரவுதோறும் படியெடுத்து, வேறொரு கட்டடத்தில் வைக்க வேண்டும்.

இரவில் வீட்டிலிருந்து படிப்பவருக்கு வளாகச் சர்வர் எட்டாது. இதை மறைக்க மாட்டோம். பாடக் கோப்புகளைப் போனில் இறக்கி எடுத்துப்போக ஏற்பாடு செய்வது ஆசிரியரின் பொறுப்பு.

ஒரே ஆசிரியர் மட்டும் அறிந்த சர்வரை நாங்கள் கணக்கில் சேர்க்க மாட்டோம். நிறுவியவர் மாற்றலாகிப் போகும் முன், இன்னொருவர் வெற்றுக் கணினியில் பேக்கப்பிலிருந்து தளத்தை எழுப்பிக் காட்ட வேண்டும்.

உறுப்பினர் கட்டணம் கிடையாது. முதல் பயிற்சிக்கு வருவோர் பழைய கணினி ஒன்றைத் தூக்கி வரவும். அதிலுள்ள விண்டோஸை அழிக்கத் தலைமையாசிரியரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வரவும்.