பாலத்திலிருந்து இறங்குவோம்

கொல்கத்தாவின் மல்லிக் காட் பூச்சந்தையை நம்மில் பலர் ஹௌரா பாலத்தின் மீது நின்றே பார்த்திருக்கிறோம். கீழே மஞ்சளும் செம்மஞ்சளுமாய்ச் செண்டுமல்லிக் குவியல்கள். அவற்றினூடே நகரும் தலைகள். நானும் அவ்வாறே பார்த்தேன். பார்த்தபடியே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். ஒரு வாரம் சென்றபின் எனக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை. அதில் பூ இருந்தது, கூட்டம் இருந்தது. மனிதர் ஒருவர்கூட இல்லை.

உயரத்திலிருந்து வரைவது குற்றமன்று. பிரெஞ்சு ஓவியர் பிசாரோ 1897இல் பாரிஸ் விடுதியொன்றின் சன்னலிலிருந்து மோன்மார்த்ர் பெருவீதியைப் பலமுறை தீட்டினார். அங்கே மக்கள் வெறும் தூரிகைத் தீற்றல்கள். வீதியின் ஓட்டத்தைக் காட்ட அது போதும். ஆனால் அதே பிசாரோ, 1882இல் போந்துவாஸ் கோழிச் சந்தையைத் தீட்டியபோது மக்களை அருகில், ஆளுயரப் பார்வையில் வைத்தார். பேரம் பேசும் முகமில்லாமல் சந்தை ஏது?

ஆகவே குறிப்பேட்டுடன் கீழே இறங்கினேன். பல விடியல்கள் நின்றேன். கூடை சுமப்பவர் கழுத்தை அசைப்பதில்லை, கண்ணை மட்டுமே திருப்புகிறார். மாலை வாங்க வந்தவர் விலை கேட்குமுன் நாரை இழுத்துப் பார்க்கிறார். சம்பங்கி விற்கும் மூதாட்டி வாடிக்கையாளர் இல்லாதபோதும் பூவின்மேல் நீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார். பாலத்தின் மேலிருந்து இவற்றில் ஒன்றையும் நான் கண்டதில்லை.

"எல்லா முகத்தையும் வரைந்தால் அது கல்லூரிக் குழுப்படம் ஆகிவிடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாரையும் வரைய வேண்டியதில்லை. முதலில் மெல்லிய பழுப்பு வண்ணத்தில் ஒளியையும் நிழலையும் பெரும் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். பிறகு மூவரையோ நால்வரையோ முழுமையாகத் தீட்டினால், ஏனையோரைத் தோளின் சாய்வும் கையின் வீச்சும் காட்டிவிடும்.

இதற்கு எண்ணெய் வண்ணமே ஏற்றது என்பேன். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. அதற்கு நாட்கள் ஆகும். அதுவரை, தவறாக வரைந்த தோளைத் துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் சந்தைக்குச் சென்று பார்த்துத் திருத்தலாம். அவசரப்படுவோர் எண்ணெய் மிகுந்த பூச்சின்மேல் எண்ணெய் குறைந்ததைப் பூசுகின்றனர். அடிப்பூச்சு இறுகுமுன் மேற்பூச்சு காய்ந்து வெடித்துவிடுகிறது.

நண்பர்களே! இந்நகரில் நம்மை "மதராசி" என்ற ஒரே சொல்லில் அடக்குவோர் உண்டு. மதுரை, நாகர்கோவில், சேலம் என்ற வேறுபாடு அவர்களுக்கு இல்லை. தொலைவில் நின்று பார்ப்பவருக்கு நாம் ஒரு தீற்றல். அது நமக்கு வலிக்கிறது. ஆனால் இவ்வூர் மக்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்? விடுதி மாடியிலிருந்து கண்டுவிட்டு, "என்ன கூட்டம்!" என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம்.

நம் சங்கக் கண்காட்சிக்குச் சந்தைக் காட்சி வரைய விரும்புவோர் முதலில் சந்தைக்குள் இறங்கட்டும். ஒரு முழம் பூ வாங்கட்டும், நாலு சொல் வங்காளத்தில் பேசட்டும். தூரிகையைப் பிறகு எடுக்கலாம்.

என் இரண்டாவது படம் இன்னும் முடியவில்லை. மூதாட்டியின் கை சரியாக வரவில்லை. நாளை விடியலில் மீண்டும் போகிறேன். உடன் வருவோர் வரலாம்.